ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

வலி எந்த இடத்தில் வரும் என்று சத்தியநாதனுக்குத் தெரியும். வேதபாடம் முடிந்து, பிரசங்கம் முடியும்வரை பின்கழுத்தில் யாரோ விரலை வைத்துக்கொண்டு நிற்பது போன்ற ஒரு கனம் மட்டுமே இருக்கும். சபையார் எழுந்து ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கத் தொடங்கும்போது அந்த விரல் அழுத்த ஆரம்பிக்கும். பீடத்திலிருந்து ஆயர் தரும் சமாதானம் முன்வரிசைக்கு வந்து, ஒருவர் கைகளை இன்னொருவர் கைகளுக்குள் வைத்து எடுக்க, வரிசை வரிசையாகப் பின்னால் போகும். ஆர்கன் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் அவருக்குப் பாடகர் குழுவிலிருந்து தபீதாள் வந்து கொடுத்துவிட்டுப் போவார். வாங்கிக்கொண்டு அவர் தலையைத் திருப்பாமல் இருப்பார். திருப்பினால் இடப்பக்கத்து வரிசையில் அவருடைய தம்பி ஆபேல் தெரிவான்.

நற்கருணைப் பாட்டை வாசிக்கும்போது வலி நெற்றிப்பொட்டுகளுக்கு வந்துவிடும். ஆபேல் பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதியருகே வந்து முழங்கால் படியிடும்போது அது உச்சத்தில் நிற்கும். அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு ஆபேல் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. கடைசியில் ஆயர் தரும் ஆசீர்வாதத்துக்கும் காத்திருப்பதில்லை. பக்கவாசல் வழியாக வெளியே போய்விடுவான். சத்தியநாதன் அந்தப் போக்கை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் தன்னோடு ஆசீர்வாதம் வாங்கக்கூடத் தம்பிக்கு மனமில்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்.

அவர் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். வீடு கேம்ப் ரோட்டுக்கு உள்ளே, இரண்டு தெரு தள்ளி. கல்லூரிப் படிப்பு முடிந்த வருஷத்திலிருந்து அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறார். பிரமாதமாக வாசிப்பார் என்று சொல்ல முடியாது. நேரத்துக்கு வருவார், பாட்டை இழுக்கமாட்டார், சபையின் குரலை மீறி வாசிக்கமாட்டார். ஒரு சபைக்கு அது போதும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய அம்மா ரத்தினபாய் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய உடம்பு. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. செயற்கைச் சுவாசம் வைக்கலாமா வேண்டாமா என்று டாக்டர்கள் கேட்டார்கள். வைத்தால் ஒருநாள் இரண்டு நாள் தள்ளும், திரும்பி வருவது கடினம் என்றார்கள். நூலகரான ஆபேல் அப்போது கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தான். போன் கிடைக்கவில்லை. தம்பி விடிந்ததும் வந்துவிடுவான், அதுவரையாவது வைத்துப் பார்க்கலாமே என்று சத்தியநாதனின் மனைவி டெபோரா சொன்னாள். அம்மாவின் தொண்டைக்குள் குழாய் இறங்குவதைச் சத்தியநாதனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபேல் தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தபோது அம்மாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில், மண் போட்டு முடித்த பிறகு, ஆபேல் எல்லார் முன்னாலும் சத்தம் உயர்த்தாமல் சொன்னான்:

"என்னை ஒரு வார்த்தை கேக்கல. நீயே ஜட்ஜ், நீயே ஜட்ஜ்மென்ட்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆபேல் குடியிருக்கும் மாடம்பாக்கத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ தூரம்தான்.

தலைவலி அந்த வருஷமே தொடங்கியது. முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் அது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவதைக் கவனித்தார். ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகளில், உபவாசம் இருக்கும் நாட்களில், மதியத்துக்குள் வந்துவிட்டது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனையில் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு வந்தது. தேவனுடைய நாள் எதுவோ அதைத் தேடிப் பிடித்து வந்தது அந்த வலி. சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு அதற்கு வேலை இல்லை. கணக்கு ஆசிரியருக்கு இதற்குமேல் நிரூபணம் வேண்டியிருக்கவில்லை.

டெபோரா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடிக்கவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல்களைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்மேல் போட்டு, தெருவில் பந்து விளையாடுகிற பிள்ளைகளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு வருவாள். இருட்டும் குளிர்ச்சியும் இதமாக இருந்தன. பற்று காய்ந்து தோலை இழுக்கும்போது கவனம் கொஞ்சம் அங்கே போனது. ஆனால் அடுத்த ஞாயிறு வலி வந்தது. கண்ணாடியை மாற்றினார். மூக்கெலும்பைப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது.

வேறு யாராயிருந்தாலும் அந்த ஒன்றுமில்லைக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள். சத்தியநாதனால் முடியவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்றால் அது வேறு எங்கே இருக்கிறது என்பது இப்போது தீர்மானமாகிவிட்டது.

மனிதன் வலிக்குக் காரணம் தேடுகிறான். காரணம் தேடுவதாக நினைத்துக்கொண்டு பெரும்பாலும் அர்த்தத்தைத் தேடுகிறான். காரணத்தைக் கண்டுபிடித்தால் வலியை நிறுத்தலாம். அர்த்தத்தைக் கண்டுபிடித்துவிட்டாலோ வலியை நிறுத்த மனம் வராது. சத்தியநாதனுக்கு நடந்தது இதுதான். அம்மாவைப் போகவிட்டது தவறா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு வாராவாரம் பதில் வருவதாக அவர் நம்பினார்.

இருந்தாலும் உடம்பு உடம்புதான். சட்டைப்பையில் மாத்திரை அட்டை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு குறிப்பிட்ட மாத்திரைதான் கேட்டது, மற்றவை கேட்கவில்லை. முதலில் ஞாயிறுதோறும் போட்டார். பிறகு சனிக்கிழமையே பயந்து போட்டார். அப்புறம் வாரத்தின் மற்ற நாட்களிலும் ஒரு மந்தமான வலி தலையைச் சுற்றி நின்றது, அதற்கும் போட்டார். டெபோரா அட்டைகளைக் குப்பைத்தொட்டியில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவரைக் கையோடு டாக்டர் ப்ரியாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். கிழக்குத் தாம்பரத்தில் சிறிய கிளினிக். வெளியே நாற்காலிகள் நிறைந்திருந்தாலும் உள்ளே அவசரப்படாத பெண்.

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வலி மாத்திரையை இப்படி அடிக்கடி போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்றார். மற்ற நாட்களில் நிற்கும் மந்த வலிக்கு அதுதான் காரணமாக இருக்கும், பார்த்து நிறுத்தவேண்டும் என்றார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். அம்மா போனதிலிருந்து நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றார் சத்தியநாதன். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டார். பிறகு காபியைப் பற்றிக் கேட்டார். விழித்ததும் ஒன்று, பள்ளிக்குப் போகுமுன் ஒன்று, இடைவேளைகளில், மாலையில், பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். எத்தனை என்று தெரியவில்லை. மற்ற எதையும் எண்ணுகிறவர், காபியை எண்ணியதில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல?" என்று டாக்டர் கேட்டார்.

"நற்கருணை எடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க எதுவும் தொடமாட்டோம் டாக்டர். தண்ணிகூட. அம்மா அப்படிப் பழக்கிட்டாங்க."

"எத்தனை மணிக்கு முடியும்?"

அப்போதுதான் டெபோரா குறுக்கே புகுந்தாள். முன்பெல்லாம் ஒரே ஆராதனை, எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார்கள். சுற்றிலும் அடுக்குமாடிகள் வந்து கூட்டம் பெருகியதால் அத்தை இறந்த வருஷம் இரண்டாவது ஆராதனை வைத்தார்கள். இரண்டுக்கும் இவர்தான் வாசிக்கிறார், நற்கருணை இரண்டாவதில்தான் எடுக்கிறார். வெளியே வர மணி பதினொன்றைத் தாண்டிவிடும்.

டாக்டர் பேனாவை மூடினார். காபிக்குப் பழகிய உடம்பு, அது கிடைக்காத நாளில் தலைவலியாகத்தான் கேட்கும் என்றார். வெறும் வயிறும், தண்ணீர் இல்லாததும், ராத்தூக்கம் குறைந்ததும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அவருக்குக் கேட்கிற அந்த ஒரே மாத்திரையிலும் காபியில் இருக்கிற அதே சத்து சேர்ந்திருக்கிறது, அதனால்தான் அது மட்டும் கேட்கிறது என்றார். காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், ஒரேயடியாக விட்டால் வலி வாட்டும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தண்ணீர். அவ்வளவுதான்.

டெபோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சத்தியநாதன் முகம் இறுகியிருந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, இந்தப் பெண்ணுக்கு வயசு போதாது என்றார்.

காபி என்கிறாள். மூன்று வருஷமாக ஒருவன் நியாயாசனத்துக்கு முன்னால் நிற்கிறான். யாரோ வந்து, அது நியாயாசனம் இல்லை, டம்ளர் என்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டால் இத்தனை நாள் பட்டது எல்லாம் கேலியாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. வலி அம்மாவைப் பற்றியது இல்லையென்றால், அம்மாவைப் பற்றிப் பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

அவர் காபியைக் குறைக்கவில்லை. அந்த வாரமே ஆயரிடம் போய், ஈஸ்டரோடு ஆர்கனை விட்டுவிடுவதாகவும், தான் நற்கருணை எடுக்கிற நிலையில் இல்லை என்றும் சொன்னார். ஆயர் காரணம் கேட்டார். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார். வீட்டில் டெபோரா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைத்துவிட்டு, "உங்க தம்பிகிட்ட பேசப் பயம். அதுக்குத் தலைவலியைச் சாக்கு வெச்சுக்கிறீங்க" என்றாள். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு வந்தது. பிள்ளைகள் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார்கள். வெயில் காலை ஒன்பதுக்கே சுட்டது. ஓலையில் மடித்த சிலுவை ஒன்றை யாரோ ஆர்கன்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். சமாதானம் கொடுக்கும் நேரத்தில் விரல் அழுத்தியது. நற்கருணைப் பாட்டில் இரண்டு இடத்தில் கை தப்பியது. ஆபேல் கிராதியருகே வந்தான், முழங்கால் படியிட்டான், எழுந்தான், பக்கவாசலை நோக்கி நடந்தான்.

இன்னும் ஒரு வாரம்தான், பிறகு இந்த இடத்தில் உட்காரப்போவதில்லை என்று சத்தியநாதன் நினைத்தார். இந்த முதுகை இப்படியே கடைசியாகப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வதா? பாட்டின் அடி முடிந்ததும் எழுந்தார். தபீதாளுக்கு வாசிக்கத் தெரியும். அவரைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தானும் பக்கவாசல் வழியாக இறங்கினார். ஓலைச் சிலுவை எப்படியோ கையோடு வந்திருந்தது.

வெயில் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. மன்னிப்புக் கேட்பதா, சண்டை போடுவதா என்று அவர் தீர்மானிக்கவில்லை. ஆபேல் தெருவைத் தாண்டி, எதிரே இருந்த டீக்கடைக்குள் நுழைவது தெரிந்தது.

கடைக்குள் பெஞ்சில் ஆபேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். இடது கையால் நெற்றியைப் பொத்தியிருந்தான். வலது கையில் காபி டம்ளர்.

கடைக்காரர் சவுரிமுத்து சத்தியநாதனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், நீங்களும் தலைய புட்ச்சிகினு வரீங்க? மூஞ்சியும் ஒண்ணு, வியாதியும் ஒண்ணா? அண்ணன் தம்பியா?"

ஆபேல் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. எழுந்து போய்விடுவான் என்று சத்தியநாதன் எதிர்பார்த்தார். அவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தான்.

"இவருக்கும் ஒண்ணு போடுங்க" என்றான். "ஸ்ட்ராங்கா."

சவுரிமுத்து காபி ஆற்றத் தொடங்கினார். கோயிலில் தபீதாள் வாசிப்பது கேட்டது. ஒரு மின்சார ரயில் எங்கோ ஹாரன் அடித்தது.

"உனக்கு எப்ப இருந்து?" என்று சத்தியநாதன் கேட்டார்.

"என்ன எப்ப இருந்து?"

"தலைவலி."

"அம்மா போனதுல இருந்து." ஆபேல் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அண்ணன்கிட்ட பேசாமலே நற்கருணை வாங்குறேன்ல. அதான்னு நெனச்சேன். நெனச்சாலும் பேச வரல."

"ஆசீர்வாதத்துக்குக்கூட நிக்காம ஏன் போறே?"

"நிக்க முடியல அண்ணே. தலை வெடிக்குது. இங்க வந்து இதைக் குடிச்சா அரை மணி நேரத்துல விட்டுடும்." அவன் டம்ளரைத் தூக்கிக் காட்டினான். "குடிச்சா விட்டுடுதுன்னு தெரிஞ்சும், அது சாபம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நாமெல்லாம் என்ன படிச்சோம்?"

ஒரே அம்மா பழக்கிய இரண்டு உடம்புகள். எழுந்ததும் காபி குடிக்கவும் அவரே பழக்கினார், ஞாயிற்றுக்கிழமை தொடாமல் இருக்கவும் அவரே பழக்கினார். ஆபேலும் இரண்டாவது ஆராதனைக்குத்தான் வந்துகொண்டிருந்தான். சத்தியநாதன் காபியைக் குடித்தார். டாக்டர் ப்ரியா சொன்னதைத் தம்பிக்குச் சொன்னார். வலி மெல்ல, ஓரங்களிலிருந்து, இறங்கத் தொடங்கியது. மூன்று வருஷத்துத் தண்டனை ஒரு டம்ளரில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சந்தோஷமாக இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே எதுவோ காலியாக இருந்தது.

அந்தக் காலியிடத்தைத்தான் ஆபேல் தொட்டான்.

"காபி சரி அண்ணே. அம்மா விஷயம்?"

சத்தியநாதன் ஓலைச் சிலுவையைப் பெஞ்சில் வைத்தார். இதுவரை வலியிடம் விட்டிருந்த கேள்வி இப்போது அவர் கைக்குத் திரும்பி வந்திருந்தது.

"குழாய் வேணாம்னு சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல. இன்னிக்கும் தோணல. ஆனா நீ வர்றதுக்குள்ள சொன்னது தப்பு. விடியிறவரைக்கும் காத்திருந்திருக்கலாம். அவங்க மூச்சு இழுக்கிறதைப் பாக்க என்னால முடியல. எனக்காகத்தான் அவசரப்பட்டேன். அவங்களுக்காக இல்ல."

ஆபேல் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான்.

"நீ கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றான். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேக்காததால நான் சொல்லவேண்டியதே இல்லாமப் போச்சு. அது எனக்கு வசதியாவும் இருந்துச்சு. அதனாலதான் அவ்வளவு கோபம்."

இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. சபை கலைந்து ஆட்கள் தெருவுக்கு வரத் தொடங்கியதும், டெபோரா தேடுவாள் என்று சொல்லிவிட்டுச் சத்தியநாதன் எழுந்தார். ஆபேல் சிலுவையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து சத்தியநாதன் காபியைக் குறைத்தார். முதலில் மாலைக் காபி போனது, பிறகு பள்ளியில் குடிப்பது, பிறகு காலை டிகாக்ஷன் நீர்த்தது. மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்தினார். அந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. மந்தமான வலி வகுப்பறைக்குள்ளும் கூடவே வந்தது. கரும்பலகையைத் திரும்பிப் பார்க்கவே எரிச்சல் வந்தது. டெபோராவின் சுக்குப் பற்று அப்போது உதவியது. அவள் கை நெற்றியில் இருந்ததும் உதவியிருக்கலாம், எது எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனார். ராத்திரி சீக்கிரம் படுத்தார். சனிக்கிழமை இரவு நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

ஞாயிறு காலையில் தண்ணீராவது குடிக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சத்தியநாதன் யோசித்து, தண்ணீர் குடிக்க ஒப்புக்கொண்டார். காபி மட்டும் கிடையாது. ஆபேல் அந்தத் தொல்லையே வேண்டாமென்று, காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டே கோயிலுக்கு வர ஆரம்பித்தான். அம்மா இருந்திருந்தால் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார் என்று இவர் சொன்னார். அண்ணன் அம்மாவைவிட மோசம் என்று அவன் சொன்னான். இந்த விஷயத்தில் அவர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

ஆர்கனை அவர் விடவில்லை. ஆயர் எதுவும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கான பாட்டுகளை முன்கூட்டியே கொடுத்தனுப்பினார்.

பள்ளிகள் திறந்த பிறகு வந்த ஒரு ஞாயிறு. பிரசங்கம் முடியும்வரை பின்கழுத்தில் விரல் இல்லை. இல்லை என்பதையே அவர் தாமதமாகத்தான் கவனித்தார். தலை துடைத்து வைத்த பலகை போல இருந்தது. அந்தத் தெளிவில் முதலில் வந்தது நிம்மதி இல்லை. அம்மாவின் கடைசி மூச்சுதான் வந்தது. இத்தனை நாள் வலி நின்ற இடத்தில் அது நின்றது. நெற்றியில் பற்றுப் போட்டு அதைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம் என்று இருந்தது. கண்கள் நனைந்தன. பாட்டுப் புத்தகத்தின் வரிகள் கலங்க, விரல்கள் பழக்கத்தில் ஓடின.

சபையார் சமாதானம் கொடுக்க எழுந்தார்கள். தபீதாள் பாடகர் வரிசையிலிருந்து வரவில்லை. அவருக்கு முன்பே இடப்பக்கத்து வரிசையிலிருந்து ஒருவன் நடைபாதையைக் கடந்து ஆர்கனருகே வந்து நின்றான். இரண்டு கைகளையும் நீட்டினான். சத்தியநாதன் அவற்றைத் தன் கைகளுக்குள் வாங்கினார். இருவருக்கும் ஒரே மாதிரி விரல்கள், ஒரே மாதிரி நகங்கள்.

ஆபேல் குனிந்து அவர் காதருகே மெதுவாகச் சொன்னான்:

"முதல் பாட்டுல மூணு இடத்துல தப்பு வாசிச்சே அண்ணே. இனிமே தலைவலின்னு சாக்குச் சொல்ல முடியாது."